பச்சையாய்ப் போன பாரி

என் அம்மா செத்தது முளைப்பாரி பச்சையாய்ப் போனதால் அல்ல. ரத்தப் புற்றுநோயால். எங்கள் ஊரில் இதை மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரியத்துக்கு முந்தின நாள், துக்க வீட்டிலேயே, என் அப்பாவின் தங்கை ராக்காயி அத்தைதான் அதை ஆரம்பித்து வைத்தார். "பாரி பச்சையாப் போனப்பவே எனக்குத் தெரியும், மதினி தங்காதுன்னு." பச்சையாக்கியது நான். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அழுது தொண்டை கட்டியிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது, தொண்டை இப்போது நன்றாக இருக்கிறது.

அம்மா பெயர் பேச்சியம்மாள். சமணர் மலைக்கு மேற்கே, கண்மாய்க் கரையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. சொந்த நிலம் ஒரு சென்ட் கிடையாது. இருபது வருடம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டாள், களை எடுத்தாள். அதன்பிறகு பசுமலையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, என்னை ஆசிரியையாக்கினாள், தம்பி முருகேசனுக்கு ஷேர் ஆட்டோ வாங்கிக் கொடுத்தாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டிய கை அது. போன வருடம் வைகாசியில் அந்தக் கை கரண்டியைத் தூக்க முடியாமல் பாதியில் வைத்துவிட்டது.

காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். வேப்பங்குச்சி குத்திவிட்டது என்றாள். பாதத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். வேர்க்குரு என்றாள். நான் உயிரியல் டீச்சர், பதினாறு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு ரத்த ஓட்டம் நடத்துகிறேன். நானும் வேர்க்குரு என்றுதான் நினைத்தேன். பாதத்தில் யாருக்காவது வேர்க்குரு வருமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் என் மேல் எனக்கு இருக்கிறது.

மாட்டுத்தாவணிக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் உறைவதற்கு உதவுகிற தட்டணுக்கள், ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை, அம்மாவுக்கு இருபதாயிரத்துக்கும் கீழே இருந்தன. பாதத்துப் புள்ளிகள் தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம். அடுத்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளியது. இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தடிமனான இன்னொரு ஊசியை உள்ளே இறக்கி, ரத்தம் உற்பத்தியாகிற அந்தக் கூழில் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். உறிஞ்சுகிற அந்த ஒரு நொடி மட்டும் உயிர் போகிற மாதிரி இருக்குமாம். அம்மா சத்தம் போடவில்லை. என் விரல்களைப் பிடித்திருந்த பிடியில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

முடிவு வந்த அன்று நானும் தம்பியும் நடைபாதையில் நின்று, அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். "ரத்தத்துல கோளாறு" என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே போனால் அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வாசல்ல போர்டு போட்டுருக்காங்க. உன் ஒண்ணாப்பு புஸ்தகத்துலயே எழுத்துக்கூட்டிப் படிச்சவ நானு. என்கிட்டயே மறைக்கிறீகளா?"

மருத்துவர் நல்ல மனிதர், வயதில் என்னைவிடச் சின்னவர். அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டுவிட்டு அவளுக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார். ரத்தம் விளைகிற இடத்தில் களை முளைத்துவிட்டது, பயிருக்கு இடம் இல்லை. களைக்கு மருந்து அடித்தால் கொஞ்ச நாளைக்குப் பயிரும் சேர்ந்து வாடும். அந்த நாட்களில் சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, களை எடுப்பதைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம், மருந்தை அடியுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதத்தில் ஏழு நாள் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி. மீதி நாளெல்லாம் காத்திருப்பு. காத்திருப்பைப் பற்றி எழுதாவிட்டால் மருத்துவமனையைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. டோக்கன், நாற்காலி, சுவரில் ஓடுகிற சத்தமில்லாத டிவி, பேர் கூப்பிடுவார்களா என்று கழிப்பறைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிற ஜனம். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் ரிப்போர்ட் படித்துக் காட்டுவார்கள். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத என் வீட்டுக்காரர், பச்சையாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, கஞ்சியை இரண்டு தடவை கொதிக்கவிட்டு, டம்ளர் ஸ்பூன் எல்லாவற்றையும் வேகவைத்து எடுத்துவந்தார். ஸ்பூனை எதற்குப்பா வேகவைக்கிறீர்கள், அதையா தின்னப்போகிறேன் என்று அம்மா அவரைத் தினமும் கேலி செய்வாள். அவரும் தினமும் வேகவைத்தார்.

ஆடியில் இரண்டாவது சுற்று முடிந்ததும் மருத்துவர் சொன்ன வாடல் வந்தது. வெள்ளை அணுக்கள் இல்லை என்றே சொல்லலாம். தனி அறையில் போட்டார்கள். ஒரே ஒருத்தர்தான் கூட இருக்கலாம், அதுவும் முகக்கவசத்தோடு. பழம் கூடாது, பூ கூடாது, மண் பட்ட எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. தம்பி கூட இருந்தான். அந்த நேரம் பார்த்து ஊரில் ஆவணித் திருவிழா சாட்டினார்கள்.

இங்கே அம்மாவின் சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் காளியம்மனுக்கு அம்மா கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து நாற்பத்தோரு வருடம் விடாமல் முளைப்பாரி எடுத்திருக்கிறாள். எங்கள் ஊரில் பாரியை அவரவர் வீட்டிலேயே வளர்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை ஊறவைத்த பயறுகளை எருவும் மண்ணும் நிரப்பிய மண்பானை ஓட்டில் தூவுவது. அதற்கு முத்து போடுவது என்று பேர். எட்டு நாள் கும்மிருட்டில் வைத்து, குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பது. ஒன்பதாம் நாள் தலையில் தூக்கி, கோயிலைச் சுற்றி, கண்மாயில் கரைப்பது. வெளிச்சமே படாத முளை வெளிறிய மஞ்சளாக, முழங்கை நீளத்துக்கு வளரும். அந்த மஞ்சள்தான் அழகு. பச்சை பட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

அம்மா சாமியிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பரீட்சை, தம்பிக்கு விபத்து, அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, எதற்கும் கையேந்தியதில்லை. பாரியை இறக்கிவைத்து, "இந்தா, வந்துட்டேன்" என்பாள். அவ்வளவுதான் அவள் கும்பிடு. அப்பா இறந்த வருடம் தீட்டு என்று பாரி எடுக்கக் கூடாதென்றார்கள். தாலி அறுத்தவளுக்கு ஆத்தா வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்கெல்லாம் முந்தைய கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பாரி ஊரின் நடுத்தெரு வழியாகப் போகக் கூடாது. வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் கண்மாய்க்குப் போக வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவது பாரி. நான் வயிற்றில் ஏழு மாதம். முந்தின நாள் மழையில் வாய்க்கால் கரை முழுக்க வழுக்கல். தெரு பிரிகிற முக்கில் கொஞ்ச நேரம் நின்றாளாம். பிறகு நேராக நடுத்தெருவுக்குள் நடந்தாளாம். எங்கே போகிறாய் என்று மறித்தவரிடம் கண்மாய்க்கு என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தவில்லை. பின்னால் பதினோரு பெண்கள் போனார்கள். அதில் ராக்காயி அத்தையும் ஒருத்தி. மறுவாரம் அம்மாவை நடவுக்குக் கூப்பிடவில்லை, அதற்கடுத்த வாரமும் கூப்பிடவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊரில் போய் நட்டாள். அடுத்த வருடமும் நடுத்தெருவில்தான் போனாள். இன்றைக்கு அந்தத் தெருவில் எல்லாரும் போகிறார்கள். யார் முதலில் போனது என்று யாரும் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவளிடம், இந்த வருடம் வேண்டாமே அம்மா என்று நான் தொலைபேசியில் சொன்னேன். தம்பியின் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். ஈறெல்லாம் புண்ணாகிப் பேச முடியாமல் இருந்தவள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

"எனக்கு மண்ணுதான் ஆகாது. உனக்கு ஆகும்ல?"

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அவளுக்கும் அது தெரியும். இருந்தும் பசுமலையில் எங்கள் வாடகை வீட்டின் சாமான் அறையைக் காலி செய்து, சன்னலைச் சாக்கால் மூடி, செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு முத்து போட்டேன். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம், இன்னும் என்னென்னவோ. அம்மா ஆஸ்பத்திரி அறையில் படுத்துக்கொண்டு போனில் எருவின் பதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். நான்காம் நாள் முளை எழும்பியதும் பார்க்க வேண்டும் என்றாள். இருட்டில் வீடியோவில் எதுவும் தெரியவில்லை. ஐந்தாம் நாளும் அதே கதை. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு, நான் பாரியைத் தூக்கிவந்து சமையலறைச் சன்னல் திண்டில் வைத்தேன். ஐந்து நிமிடம்தானே, பச்சையம் உருவாக எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா பார்த்தாள். ஜெயா என்று ஒரு நர்ஸ், அவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஏசு கோயிலுக்குப் போகிறவர். எவ்வளவு உயரம் என்று ஆச்சரியப்பட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கூப்பிட்டு வைத்த கால் மணி நேரத்தில் தம்பி திரும்ப அழைத்தான். மூக்கில் ரத்தம், நிற்கவில்லை. அன்று காலை எடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் ஐயாயிரம். பி நெகட்டிவ் ஆள் உடனே வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கப் போனிலேயே கேட்டுவிட்டான், யாருமில்லை. வீட்டில் அந்த வகை ரத்தம் எனக்கு மட்டும்தான். போட்டிருந்த நைட்டிக்கு மேலே ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

தட்டணு கொடுப்பது ரத்தம் கொடுப்பது மாதிரி அல்ல. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போகும், அது தட்டணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி உடம்புக்குள்ளேயே விடும். ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். உதடெல்லாம் மரத்துப்போய், குளிரெடுத்து, பக்கத்தில் தொங்கிய பையில் வெளிர் மஞ்சளாக என்னுடைய தட்டணுக்கள் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரி என் நினைவிலேயே இல்லை. என் அம்மா மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு இரண்டு மாடிக்கு மேலே கிடந்தாள். அந்தப் பை ஏறிய பிறகுதான் ரத்தம் நின்றது. நான் அன்றும் மறுநாளும் அங்கேயே இருந்தேன்.

திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடியதில் சன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. பாரி திண்டிலேயே இருந்தது. பச்சைப் பசேலென்று.

இருட்டில் வைத்துப் பார்த்தேன். ஏறிய பச்சை இறங்குமா? பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும். செவ்வாய்க்கிழமை அம்மா கூப்பிட்டபோது போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அழுதுகொண்டே கேமராவைத் திருப்பினேன். இதை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், ஊரில் பேசுவார்கள், அடுத்த வருடம் நீயே வந்து எடு என்று சொன்னேன். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னைக்கு வெளிய வச்ச?"

"ஞாயித்துக்கெழம."

"எனக்கு மூக்குல ஒழுகுன அன்னைக்கா?"

"ஆமா."

"ரத்தம் குடுக்க ஓடுன. அதுவும் வெளியவே கெடந்துருக்கு. அம்புட்டுத்தான? இதுல ஆத்தாவுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தூக்கிட்டுப் போ. மூடாத. நடுத்தெருவுல போ."

மறுநாள் போனேன். மூடாமல்தான் போனேன். நாற்பது மஞ்சள் பாரிக்கு நடுவில் ஒரே ஒரு பச்சை. என் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள். ராக்காயி அத்தை வரிசையின் முன்னாலிருந்து வந்து, காதோடு காதாக, நீ கடைசியாகப் போ, இல்லையென்றால் வாய்க்கால் பக்கமாகப் போய்க் கரைத்துவிட்டு வா என்றார். வாய்க்கால் பக்கமாக. நடுத்தெருவில் அம்மாவுக்குப் பின்னால் நடந்த பதினோரு பேரில் ஒருத்தி சொல்கிறார்.

என் இடுப்பில் ஸ்பீக்கர் போட்ட போன் இருந்தது. அம்மா லைனில் இருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குலவை போடு என்றாள். எனக்குக் குலவை வராது, படித்த பெண்ணுக்கு எதற்கு என்று சின்ன வயதில் நானே கற்றுக்கொள்ளாமல் விட்டது. வரலை அம்மா என்றேன். அப்போது போனிலிருந்து அது வந்தது. ஈறு வெடித்து, நாக்கு முழுக்கப் புண்ணாகி, கஞ்சி இறங்காத வாயிலிருந்து முழுக் குலவை. நடுங்கியது, இரண்டு இடத்தில் அறுந்தது, மறுபடி எழும்பியது. ஆஸ்பத்திரியில் ஜெயா சிஸ்டர் பதறி ஓடிவந்ததாகத் தம்பி பிறகு சொன்னான். நான் போனை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தேன். பின்வரிசையில் யாரோ பதில் குலவை போட்டார்கள், அப்புறம் எல்லாரும் போட்டார்கள். அத்தை மட்டும் போடவில்லை. நான் நடுத்தெரு வழியாக நடந்தேன். கண்மாயில் இறக்கிவைத்து, அம்மா சொல்லச் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். இந்தா, வந்துட்டேன்.

அந்தச் சுற்றில் அம்மா பிழைத்தாள். இதை அத்தையும் ஊரும் வசதியாக மறந்துவிட்டார்கள். புரட்டாசியில் மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்த்தபோது களை பாதிக்குமேல் குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்தாள். நான்கு மாதம் என்னோடு இருந்தாள். தீபாவளிக்கு உட்கார்ந்தபடியே முறுக்கு சுற்றினாள், வீட்டுக்காரருக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். பொங்கலுக்கு முந்தின வாரம் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு, பயறுகளைப் பொறுக்கி ஒரு பழைய டப்பாவில் போட்டு மூடினாள். அடுத்த ஆவணிக்கு என்றாள். தை பத்தாம் தேதிக்குள் நுரையீரலில் கிருமி இறங்கியது. மருந்து கேட்கவில்லை. மூச்சுவிடக் குழாய் போடலாமா என்று மருத்துவர் கேட்டபோது அவளே வேண்டாமென்று தலையாட்டினாள். நான்கு நாளில் போய்விட்டாள். பயந்து போகவில்லை. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நம்பிக்கை என்றால் பயம் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். எதைத் தொட்டால் குற்றம், எந்த நிறம் ஆகாது, யாருக்குத் தீட்டு. என் அம்மாவுக்கு அந்தப் பயம் ஒரு நாளும் இருந்ததில்லை. அவள் சாமி அவளை மிரட்டியதே இல்லை. நான் இப்போதும் கும்பிடுகிறவள் அல்ல. ஆனால் அவள் கும்பிட்டதைக் கொண்டுபோய் அவளுடைய சாவுக்குக் காரணமாகக் காட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

இந்த ஆவணிக்குச் சாட்டியதும் அத்தை போன் செய்தார். வருடம் திரும்பவில்லை, தீட்டு, பாரி எடுக்கிற நினைப்பு இருந்தால் விட்டுவிடு என்றார். வாரேன் அத்தே என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு அந்த டப்பாவைத் திறந்தேன். அம்மா பொறுக்கிய பயறில் ஒரு சொத்தைகூட இல்லை. அவள் சொன்ன பதத்தில் எருவைப் பிசைந்து, சாக்கு கட்டி, ஐந்து நாள் கும்மிருட்டில் வைத்தேன். நல்ல மஞ்சளாக, வரிசை பிசகாமல் வளர்ந்தது. யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

இன்று ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பாரியைத் தூக்கிவந்து சமையலறைச் சன்னல் திண்டில் வைத்தேன். வெயில் நேராக விழுகிறது. இதை எழுதிக்கொண்டே அவ்வப்போது பார்க்கிறேன். நுனியில் பச்சை ஏற ஆரம்பித்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் நடுத்தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போகிறேன். இந்த வாரம் முழுக்க வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் குலவை பழகினேன். நேற்றிலிருந்து வருகிறது.